சரிவில் நிற்கும் வெப்ப அறை: கொல்லிமலையில் சௌனாவுக்கு அடித்தளம் போடுவது

மார்கழி மாலையில் சோளக்காட்டிலோ செம்மேட்டிலோ வெளியே நின்றவர்களுக்குத் தெரியும், கொல்லிமலையின் குளிர் எலும்பு வரை இறங்கும். தோட்டத்து ஓரத்தில் சின்னதாக ஒரு மரச் சௌனா அறை இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை அந்தக் குளிரில்தான் பிறக்கிறது. வேது பிடிப்பதைச் சித்த மருத்துவம் தன் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. பின்லாந்தின் சௌனாப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆக, சூட்டில் உட்கார்ந்து வியர்ப்பது நமக்கும் புதிதல்ல. புதிதாக இருப்பது, மலைச் சரிவில் அப்படி ஓர் அறையை அசையாமல் நிறுத்துவது.

வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றாதீர்கள். பனி நாடுகளில் நிலத்தடி ஈரம் உறைந்து, மண் உப்பி, அடித்தளத்தைத் தூக்கிவிடும். அதனால் உறையும் ஆழத்துக்கும் கீழே தோண்டச் சொல்வார்கள். கொல்லிமலையில் மண் உறைவதில்லை. இங்கே அடித்தளத்தைக் கெடுப்பது மழைநீர். மேட்டிலிருந்து இறங்கி வரும் நீர் அறைக்கு அடியில் புகுந்து மண்ணை இளக்கி எடுத்துப் போகிறது. இந்த அத்தியாயத்தில் பாதி வேலை தண்ணீரைத் திருப்பிவிடும் வேலைதான்.

எடையை நினைத்துப் பயப்பட வேண்டாம்

8 அடிக்கு 6 அடி அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் உட்காரலாம். சுவர், கூரை, தரை மரம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 850 கிலோ. அடுப்பும் அதன் மேல் அடுக்கும் கல்லும் 100 முதல் 150 கிலோ. ஆட்கள் 300 கிலோ. மொத்தம் 1.3 டன் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு தூண்களில் பிரித்தால் ஒன்றுக்கு 220 கிலோவுக்கும் குறைவு. காய்ந்த கெட்டி மண்ணுக்கு இது ஒரு பாரமே இல்லை. ஊறிய மண்ணுக்கும் நிரப்பிய மண்ணுக்கும் இதுவே பெரும் பாரம்.

நான் முதலில் போட்ட அடித்தளம் அப்படித்தான் போனது. மேட்டுப்பக்கம் வெட்டிய மண்ணைப் பள்ளப்பக்கம் கொட்டி, மிதித்து, சமமாக்கி, அதன் மேல் அறையை வைத்தேன். கோடையில் கல் போல இருந்தது. ஒரே ஐப்பசி மழையில் பள்ளப்பக்கம் 2 அங்குலம் இறங்கியது. சுவர் தாங்கிக்கொண்டது, கதவு தாங்கவில்லை. நிலை கோணிக்கொண்டு கதவு இறுகிவிட்டது. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை.

> கவனம்: சௌனாவுக்குள் வெப்பம் 80, 90 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் கதவு திறக்காமல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. சௌனாக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் இருக்கவே கூடாது என்பதெல்லாம் கட்டாய விதிகள். அந்த விதிகள் வேலை செய்ய வேண்டுமென்றால் அடித்தளம் மட்டம் மாறாமல் இருக்க வேண்டும்.

மண்வெட்டி எடுக்கும் முன்

கொல்லிமலையின் 14 ஊராட்சிகளும் ‘நாடு’ என்றே முடியும்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று. உங்கள் நிலம் எந்த நாட்டில், எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதிசெய்யுங்கள். தமிழக மலைப்பகுதிகளில் கட்டுமானத்தையும் மண் வெட்டுவதையும் கண்காணிக்க 1990இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. உங்கள் இடம் அதன் பட்டியலில் வருகிறதா, மர அறைக்கும் அனுமதி வேண்டுமா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஜே.சி.பி. கொண்டுவர நினைத்தால் அதையும் முன்னரே கேட்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் வேலை முழுவதையும் கையாலேயே முடிக்கலாம். முடிந்தால் அப்படியே செய்யுங்கள். இயந்திரம் வந்து போகும் பாதை அடுத்த மழையில் வாய்க்காலாக மாறிவிடும்.

காலம்: தைப் பொங்கல் முடிந்ததும் தொடங்கி, பங்குனிக்குள் முடியுங்கள். ஆடி 18ஐ ஒட்டிய நாட்களில் வல்வில் ஓரி விழாவுக்கு மலை நிரம்பி வழியும். அப்போது லோடு ஏற்றுவது வீண் அலைச்சல். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் சாமான் வர வேண்டும். அரை மூட்டை சிமென்டுக்காக மறுபடி வண்டி பேசாமலிருக்க, கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

இடம் பார்ப்பது

நல்ல இடத்தைக் கோடையில் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு பெருமழையின்போது குடை பிடித்துக்கொண்டு நிலத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். நீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, மழை விட்ட மறுநாளும் எங்கே கசிகிறது என்று பார்த்து, அங்கெல்லாம் முளைக்குச்சி அடித்துவையுங்கள். அந்தக் குச்சிகளுக்கு நடுவில் அறை வரக் கூடாது.

தவிர்க்க வேண்டிய இடங்கள்:

- பள்ளத்து நெல் வயலும் அதன் கரையும். ஆண்டு முழுக்க ஈரம் இருக்கும்.
- சில்வர் ஓக் மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தோ, அடியில் வளைந்தோ நிற்கும் சரிவு. அங்கே மண் மெல்ல நகர்கிறது.
- பிறை வடிவில் நிலம் வெடித்திருக்கும் இடம்.
- பழைய கல்கட்டுக்குப் பின்னால் நிரப்பிய மண். எத்தனை வருடம் பழையதானாலும் வேண்டாம்.
- கரையான் புற்று, எலி வளை உள்ள மேடு.
- பலா மரத்தடி. 15 கிலோ பழம் கூரையில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த இலையும் புகைபோக்கியும் ஒன்றுக்கொன்று ஆகாது.

செங்குத்தாக வெட்டப்பட்ட மண்சுவர் அருகில் இருந்தால், அதன் உயரத்துக்குக் குறையாத தூரம் தள்ளி நில்லுங்கள். சுவர் 6 அடி என்றால் அறை 6 அடிக்கு அப்பால். வீட்டிலிருந்து குறைந்தது 15 அடி இடைவெளி விடுங்கள்.

சோதனைக் குழி

அறை வரும் இடத்தின் மேட்டுப்பக்கம் ஒன்று, பள்ளப்பக்கம் ஒன்று என இரண்டு குழிகள், தலா 2 அடி ஆழம். மேலே கறுப்பாக, வேரும் மக்கிய இலையுமாக வருவது மேல்மண். அதற்குக் கீழே கடப்பாரை ‘நங்’கென்று நிற்கும் செம்மண்ணோ சரளையோ தட்டுப்பட்டால் அதுவே நமக்கு வேண்டிய கெட்டி. 12 மி.மீ. கம்பியைக் கையால் அழுத்துங்கள். அரை அடிக்கு மேல் இறங்கினால் இன்னும் தோண்ட வேண்டும். 3 அடியிலும் கெட்டி வரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

பிறகு குழியில் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை ஊற்றிய நீர் மறுநாள் காலையிலும் நின்றால் அந்த இடம் நமக்கு ஆகாது.

கல் தட்டுப்பட்டால் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். கொல்லிமலை மண்ணுக்குள் பெரிய குண்டுக்கற்கள் மிதந்து கிடக்கும். சுற்றிலும் அரை அடி தோண்டிப் பாருங்கள். அடியில் வளைந்து உள்ளே போனால் குண்டுக்கல், அதன் மேல் தூண் வைக்கக் கூடாது. விரிந்துகொண்டே போனால் பாறை. பாறை கிடைத்தவர் பாக்கியசாலி: அதில் 6 அங்குல ஆழத்துக்கு நான்கு துளையிட்டு, தூசியை ஊதி எடுத்து, கம்பியை நிறுத்திச் சிமென்ட் பால் ஊற்றினால் போதும், குழியே வேண்டாம்.

எந்த வகை அடித்தளம்?

சமதளத்தில் ஜல்லிப் படுகை, கான்கிரீட் தளம், தூண் என மூன்றுக்கும் இடமுண்டு. சரிவில் என் பரிந்துரை தூண் மட்டுமே. தளம் போட வேண்டுமென்றால் சரிவை வெட்ட வேண்டும், வெட்டியதைத் தாங்கச் சுவர் கட்ட வேண்டும், சுவருக்குப் பின்னால் தேங்கும் நீருக்கு வழி விட வேண்டும். தூண் என்றால் சரிவு சரிவாகவே இருக்கும், நீர் அடியில் புகுந்தாலும் தங்காது. நாம் மேலே மட்டத்தில் இருப்போம்.

8 அடிப் பக்கத்தைச் சரிவுக்குக் குறுக்காக வையுங்கள். அப்போது அறையின் குறுகிய 6 அடிக்குள் மட்டுமே இறக்கம் வரும். அந்த 6 அடிக்குள் நிலம் ஒன்றரை அடி வரை இறங்கினால் கீழே சொல்லும் முறை போதும். 2 அடியைத் தாண்டினால் கட்டடப் பொறியாளர் ஒருவரை வரவழையுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

வேண்டிய சாமான்

ஆறு தூண், அடுப்புக்கு அடியில் தனியாக ஒன்று, ஆக ஏழு. கலவை 1:1½:3.

- சிமென்ட் 4 மூட்டை, கைவசம் இன்னொன்று
- எம் சாண்ட் 7 கன அடி
- முக்கால் ஜல்லி 15 கன அடி
- ஒன்றரை ஜல்லி 35 கன அடி (இரண்டு ஜல்லியும் சேர்ந்து அரை யூனிட்)
- 10 மி.மீ. கம்பி, வளையத்துக்கு 6 மி.மீ. கம்பி, கட்டுக்கம்பி, கவர் பிளாக்
- 8 அங்குல பி.வி.சி. குழாய், தூணுக்கு அச்சாக
- 40 மி.மீ. அகலமுள்ள இரும்புப் பட்டை
- துத்தநாகம் பூசிய தகடு, ஓர் அடிச் சதுரமாக 7
- மட்டக்குழாய், ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல், திமிசுக்கட்டை

வேலை முறை

1. நூல் பிடியுங்கள். நான்கு மூலையிலும் குறியிடத்துக்கு 2 அடி வெளியே முளைக்குச்சி அடித்து நூல் கட்டுங்கள். தூண்களின் மையம் 8 அடிக்கு 6 அடி. இந்த அளவில் ஒரு வசதி உண்டு: மூலைக்கு மூலை சரியாக 10 அடி வந்தால் நான்கு மூலையும் செங்கோணம். இரண்டு மூலைவிட்டத்தையும் அளங்கள். கால் அங்குல வித்தியாசம்கூட வேண்டாம். நூல்கள் கிடைமட்டமாக இருக்க வேண்டும், சரிவோடு சாய்ந்த நூலில் அளந்தால் கணக்கு தவறும்.

2. மேல்மண்ணை எடுங்கள். 10 அடிக்கு 8 அடி இடத்தில் 6 அங்குலம். அதைப் பள்ளப்பக்கம் கொட்டாதீர்கள். மிளகுக் கொடிக்கும் காபிச் செடிக்கும் போடுங்கள், அவற்றுக்கு அது தங்கம்.

3. மேட்டுப்பக்க வாய்க்காலை இப்போதே வெட்டுங்கள். பெரும்பாலானவர்கள் கடைசியில் வெட்டுகிறார்கள். நடுவே ஒரு கோடைமழை வந்தால் தோண்டிய குழியெல்லாம் குளமாகிவிடும். அறையிலிருந்து 3 அடி மேலே, ஓர் அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், இரு பக்கமும் வளைந்து கீழே இறங்கும்படி. 10 அடி நீளத்துக்கு 2½ அங்குலத்துக்குக் குறையாத வாட்டம் கொடுங்கள். அடியில் தட்டைக் கல் பதித்து, நீர் வெளியேறும் வாயில் குண்டுக்கல் போட்டு வேகத்தை உடையுங்கள். அந்த வாய் பக்கத்து நிலத்தையோ உங்கள் கல்கட்டையோ பார்த்து இருக்கக் கூடாது. வாய்க்காலை ஜல்லியால் நிரப்பி மூடும் முறையும் உண்டு. இலையும் வண்டலும் ஆறு மாதத்தில் அதை அடைத்துவிடும், அடைத்தது வெளியே தெரியாது. திறந்த வாய்க்காலே மேல், மண்வெட்டியால் இழுத்துச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

4. குழி பறியுங்கள். ஒன்றரை அடிச் சதுரம், 2 அடி ஆழம், அல்லது கெட்டி வரும் வரை. பக்கங்கள் செங்குத்தாகவும் அடி மட்டமாகவும் இருக்கட்டும். சரிவோடு சேர்ந்து அடியும் சாய்ந்திருந்தால் தூண் வழுக்கப் பார்க்கும். தவறி அதிகம் தோண்டிவிட்டால் மண்ணைப் போட்டு மூடாதீர்கள், ஜல்லியோ கான்கிரீட்டோ போட்டே நிரப்புங்கள்.

5. இடியுங்கள். குழியின் அடியில் லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு, 3 அங்குலம் ஒன்றரை ஜல்லி பரப்பி மறுபடி இடியுங்கள். திமிசு துள்ளும் வரை.

6. கம்பி. 10 மி.மீ. கம்பியில் மேட் பின்னி, கவர் பிளாக் வைத்து ஜல்லியிலிருந்து 2 அங்குலம் உயர்த்துங்கள். அதிலிருந்து நான்கு கம்பிகள் மேலே எழ வேண்டும், அரை அடிக்கு ஒரு வளையம். மண்ணைத் தொடும் கம்பி துருப்பிடித்து, உப்பி, கான்கிரீட்டைப் பிளக்கும்.

7. கான்கிரீட். ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர். மணல் நனைந்திருந்தால் இன்னும் குறைவு. வேலை சுலபமாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. முதலில் அடியில் 6 அங்குலம், பிறகு குழாயை நிறுத்தித் தூக்குக்குண்டு பார்த்து, அன்றே தூணையும் நிரப்புங்கள். ஓர் அடிக்கு ஒரு முறை கம்பியால் குத்தி, குழாயை வெளியே தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள்.

8. தலைமட்டம். மேட்டுப்பக்கத் தூண் தரையிலிருந்து குறைந்தது ஓர் அடி உயரம். அடியில் டார்ச் அடித்துப் பார்க்க அவ்வளவு வேண்டும். மட்டக்குழாயில் நீர்க்குமிழி இல்லாமல் பார்த்து, எல்லாத் தூணிலும் ஒரே மட்டத்தைக் குறியுங்கள். இரண்டு பேர் இரண்டு முறை பாருங்கள். பள்ளப்பக்கம் இரண்டரை அடி வரை வெளியே நிற்கும். அதற்கு மேல் போனால் குறுக்குச் சட்டம் இல்லாமல் விடக் கூடாது.

9. பட்டை. கான்கிரீட் இறுகுமுன் இரும்புப் பட்டையை ஓர் அடி உள்ளே இறக்குங்கள். எடை மட்டும் அறையை நிறுத்தாது, ஆடிக் காற்று அடியில் புகுந்து தூக்கும்.

10. நனையுங்கள். கோணிச் சாக்கைச் சுற்றி 7 நாள் ஈரம் காயாமல் வைத்திருங்கள். 14 நாளுக்குப் பின் மரம் ஏற்றலாம், அடுப்புக் கல்லை 28 நாள் கழித்து ஏற்றுங்கள். தரைக்கு மேலே தெரியும் குழாயை வெட்டி எடுத்துவிடுங்கள். குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கரையான் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும்.

11. மண்ணை மூடுங்கள். தூணைச் சுற்றி 6 அங்குலம் 6 அங்குலமாக மண் போட்டு இடியுங்கள். கடைசி அடுக்கு தூணிலிருந்து வெளியே சாயட்டும். பிறகு அறைக்கு அடியில் 4 அங்குலம் ஒன்றரை ஜல்லி. பள்ளப்பக்க ஓரத்தில் வரிசையாகக் கல் பதித்தால் ஜல்லி உருளாது, களையும் வராது.

கரையான்

சூடான, ஈரமான, மரத்தாலான அறை. கரையானுக்கு இதைவிட நல்ல விருந்து இல்லை. தூணின் தலையில் தகட்டை வைத்து, நான்கு ஓரத்தையும் 2 அங்குலம் வெளியே நீட்டிக் கீழ்நோக்கி மடக்குங்கள். பட்டைக்காகத் தகட்டில் போட்ட ஓட்டையைத் தார் பூசி அடையுங்கள். கரையான் தகட்டைத் துளைக்காது, சுற்றித்தான் வர வேண்டும். அப்படி வரும்போது அதன் மண்பாதை வெளியே தெரிந்துவிடும். சீவிய மரத்துண்டு, முளைக்குச்சி, சென்ட்ரிங் பலகைத் துணுக்கு எதையும் மண்ணுக்குள் விட்டுவிடாதீர்கள்.

குழிக்குள் கரையான் மருந்து ஊற்றச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். இந்தச் சரிவின் நீர் கீழே யாரோ ஒருவரின் ஊற்றில் வருகிறது. இந்த மலையின் நீரைச் சேர்த்துக்கொண்டு ஓடும் அய்யாறுதான் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கீழே ஆகாய கங்கையாக விழுகிறது.

அடுப்பு மூலை, கழிவுநீர், மின்சாரம்

அடுப்பின் எடை முழுவதும் 2 சதுர அடிக்குள் இறங்குகிறது. ஏழாவது தூணை அதன் நேர் அடியில் வைப்பது அதற்காக. அடுப்பு எந்த மூலையில் என்பதைக் குழி பறிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

கல்லின் மேல் ஊற்றும் நீரும் தரை கழுவும் நீரும் தூணடியில் சொட்டக் கூடாது. 2 அங்குலக் குழாய் ஒன்றை வாட்டமாக வைத்து 10 அடிக்கு அப்பால் வாழைக்கு விடுங்கள்.

மின் அடுப்பு என்றால், ஜல்லி பரப்பும் முன்பே கேபிளுக்கான குழாயைப் புதைத்துவிடுங்கள். எர்த்திங்கும் இணைப்பும் உரிமம் பெற்ற மின் பணியாளரின் வேலை, நம்முடையதல்ல.

வேலையிடத்தில்

- மழை பெய்யும்போதும், விட்ட மறுநாளும் குழிக்குள் இறங்காதீர்கள்.
- 3 அடிக்கு மேல் ஆழமான குழியில் ஒருவர் தனியாக வேலை செய்யக் கூடாது.
- இரவில் குழிகளைப் பலகையால் மூடிக் கல் வையுங்கள். காலையில் பலகையைக் கையால் எடுக்காமல் கம்பால் தள்ளுங்கள், பாம்பு அடைந்திருக்கும்.
- சிமென்ட் கலவை தோலை அரிக்கும். கையுறையும் பூட்ஸும் வேண்டும். கல் உடைக்கும்போது கண்ணாடி போடுங்கள்.
- வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளில் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்துவையுங்கள்.

முதல் மழைக்குப் பிறகு

மரம் ஏற்றும் முன் ஏழு தூண்களின் தலைமட்டத்தையும் ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டுவையுங்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை, தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழியில் ஒன்று, மட்டக்குழாய் பிடித்து அளங்கள். கால் அங்குலத்துக்குள் வித்தியாசம் என்றால் உத்திரத்துக்கும் தூணுக்கும் நடுவில் உலோகத் தகட்டைச் சொருகிச் சரிசெய்யலாம். மரத் துண்டைச் சொருகாதீர்கள், ஈரத்தில் நைந்துபோகும். அரை அங்குலத்தைத் தாண்டினால் அடுப்பைப் பற்றவைக்காமல் முதலில் வாய்க்காலைப் போய்ப் பாருங்கள். எங்கேயோ அடைத்திருக்கும்.

கதவையும் ஒவ்வொரு முறை சூடேற்றும் முன் ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். விரலுக்குத் திறக்கவில்லை என்றால் அன்றைக்குச் சௌனா வேண்டாம்.